மகன் பேஸ்பால் அணியின் ஜெனரல் மேனேஜர் ஆக வேண்டும் என்கிறான், தடுப்பதா விடுவதா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் 22 வருடமாக இருக்கிறோம். மகன் கல்லூரியில் மூன்றாம் வருடம், புள்ளியியலும் கணினியும் படிக்கிறான். வரும் கோடைக்கு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் நல்ல சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது, இன்னும் பதில் சொல்லவில்லை. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு பேஸ்பால் அணிகளுக்கு விண்ணப்பம் போடப் போகிறேன், ஒருநாள் ஜெனரல் மேனேஜர் ஆவேன் என்கிறான். பள்ளி அணியில்கூட இவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அவன் அப்பா ஒரு வாரமாக அவனோடு பேசவில்லை. இதெல்லாம் ஒரு வேலையா? ஆடாதவனுக்கு அங்கே என்ன இடம்? நம்மைப் போன்ற குடும்பத்துப் பிள்ளையை உள்ளே விடுவார்களா? நான் என்ன செய்யட்டும்?
ஒரு அம்மா, எடிசன்

பதில்:

அக்கா, வணக்கம். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம்: தடுக்காதீர்கள். ஆனால் அவன் ஆசைப்படுவது எதற்கு என்று அவனுக்கே இன்னும் முழுசாகத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அதை வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும், அந்தப் பேச்சுக்கு உங்களுக்கு உதவட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் மேஜர் லீக்கில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலை லீக்கில், ஒரு அணியின் அலுவலகத்தில் 11 வருடம் இருந்தவன். இன்டர்னாகச் சேர்ந்து வீரர்களின் ஒப்பந்தங்களைப் பார்க்கும் பிரிவு வரை வந்தேன். ஜெனரல் மேனேஜர் ஆகவில்லை. அவருடைய அறைக்கு இரண்டு கதவு தள்ளி உட்கார்ந்திருந்தேன், அதனால் அந்த அறைக்குள் போனவர்கள் எப்படி வெளியே வந்தார்கள் என்று பார்த்திருக்கிறேன்.

இது ஒரு வேலையா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பேஸ்பாலில் வெறும் ‘மேனேஜர்’ என்றால் சீருடை போட்டுக்கொண்டு மைதானத்து ஓரத்தில் நிற்கிறவர், இன்று யார் பந்து வீசுவது, யார் எத்தனையாவதாக மட்டை பிடிப்பது என்று சொல்கிறவர். ஜெனரல் மேனேஜர் மாடியில் இருப்பவர். கீழே நிற்பவரின் கையில் எந்த வீரர்களைக் கொடுப்பது என்பதுதான் இவருடைய வேலை. நம் ஊரில் ஐபிஎல் ஏலத்தன்று மேஜையில் உட்கார்ந்து விலை ஏற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த ஏலம் வருடம் முழுக்க ஓய்வில்லாமல் நடந்தால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படி.

மேஜர் லீக்கில் 30 அணிகள், ஒவ்வொன்றும் ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. ஆட்டத்துக்குத் தயாராக இருக்கும் பட்டியலில் 26 பேர், அதற்குப் பின்னால் 40 பேர் கொண்ட ஒரு பெரிய பட்டியல், அதற்கும் பின்னால் டிரிபிள்-ஏ, டபுள்-ஏ என்று படிப்படியாக இறங்கும் மைனர் லீக் அணிகளில் இளைஞர்கள். ஜூலையில் 20 சுற்று டிராஃப்ட், அதில் பள்ளி, கல்லூரிப் பையன்களை எடுக்க வேண்டும். ஜனவரி 15 வந்தால் டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா மாதிரி நாடுகளில் 16, 17 வயதுப் பையன்களோடு ஒப்பந்தம். ஜூலை கடைசியை ஒட்டி டிரேட் செய்ய, அதாவது அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ள, இறுதி நாள், டிசம்பரில் எல்லா அணிக்காரர்களும் ஒரே ஹோட்டலில் கூடிப் பேசும் விண்டர் மீட்டிங்ஸ். இவ்வளவுக்கும் கடைசிக் கையெழுத்து ஒருவருடையது.

இதற்குள் ஒரு கணக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் மகனுக்கு இந்த வேலை பிடிக்குமா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. ஒரு வீரர் மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் அது ஒரு ‘சர்வீஸ்’ வருடம். அப்படி ஆறு வருடம் சேர்ந்தால்தான் அவர் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது விரும்பிய அணியோடு விலை பேசலாம். 2015ல் சிகாகோ கப்ஸ் அணியில் கிரிஸ் பிரையன்ட் என்று ஒரு இளைஞர், அடிக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களிலேயே எல்லோர் கண்ணும் அவர் மேல்தான். ஆனால் சீசன் தொடங்கியபோது அணி அவரை மைனர் லீக்குக்கு அனுப்பியது, ஃபீல்டிங் இன்னும் தேற வேண்டும் என்று காரணம் சொன்னது, ஏப்ரல் 17ஆம் தேதி மேலே கூப்பிட்டது. வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் அவர் கணக்கில் 171 நாள். ஒரு நாள் குறை. அந்த ஒரு நாளால் அணிக்கு அவர் இன்னும் ஒரு வருடம் கட்டுப்பட்டவர் ஆனார். அந்த வருடமே சிறந்த புதுமுகம், அடுத்த வருடம் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர், 2016ல் கப்ஸ் 108 வருடத்துக்குப் பிறகு கோப்பை வென்றபோதும் அவர் அணியில் இருந்தார். அவர் முறையீடு செய்தார், 2020ல் தீர்ப்பு அணிக்குச் சாதகமாக வந்தது.

இதை உங்கள் மகனிடம் சொல்லி, நீ அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேளுங்கள். விதிப்படி தப்பில்லை. அணிக்கு லாபம், அதுவும் பெரிய லாபம். எதிரே இருப்பவர் 23 வயசுப் பையன், அவன் உழைப்பின் விலை ஒரு வருடம் தள்ளிப்போகிறது. எது சரியான பதில் என்று நான் சொல்ல மாட்டேன், என்னோடு வேலை பார்த்தவர்களிடையேகூட இதில் கடைசிவரை ஒத்த கருத்து வரவில்லை. ஆனால் கேள்வியைக் கேட்டதும் அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அந்தக் கணக்கில் மட்டும் அவனுக்கு உற்சாகம் வருகிறதா, அந்தப் பையனின் பக்கமும் கொஞ்சம் யோசிக்கிறானா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டும் வேண்டும்.

சரி, ஆடாதவனுக்கு இடம் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். உண்டு, தாராளமாக உண்டு.

பழைய காலத்தில் இந்த நாற்காலிக்குப் பெரும்பாலும் முன்னாள் வீரர்களும், ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைப் பார்த்து மதிப்பிடும் ஸ்கவுட்களும்தான் வந்தார்கள். கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்து, 1947ல் மேஜர் லீக்கின் நிறவெறிச் சுவரை உடைத்த பிராஞ்ச் ரிக்கி ஆரம்பத்தில் கேட்சராக, அதாவது வீசும் பந்தைப் பின்னால் உட்கார்ந்து பிடிப்பவராக, ஆடியவர், பிறகு சட்டமும் படித்தவர். 1980களில் ஓக்லாந்து அணியில் சாண்டி ஆல்டர்சன் வந்தார். வியட்நாமில் இருந்த முன்னாள் மரீன் அதிகாரி, ஹார்வர்டில் சட்டம் படித்தவர், தொழில்முறை பேஸ்பால் ஆடாதவர், அவர் காலத்தில் அணி 1989ல் கோப்பை வென்றது. அவரிடம் வந்து சேர்ந்தவர்தான் பில்லி பீன். இவருடைய கதை அப்படியே தலைகீழ், 1980 டிராஃப்டின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர், பார்த்த ஸ்கவுட் எல்லாம் இவன் நட்சத்திரம் என்று எழுதினார்கள், மேஜர் லீக்கில் 148 ஆட்டத்தோடு முடிந்துபோனது. 1990ல் தானே போய், ஆடியது போதும், ஸ்கவுட் வேலை கொடுங்கள் என்று கேட்டார். 1997ல் ஜெனரல் மேனேஜர். 2002ல் சம்பளப் பட்டியலில் நியூயார்க் யாங்கீஸின் மூன்றில் ஒரு பங்கு அளவே செலவு செய்த அவருடைய அணி தொடர்ந்து 20 ஆட்டம் வென்றது, மற்றவர்கள் குறைத்து மதிப்பிட்ட வீரர்களை எண்களைப் பார்த்து எடுத்ததால் வந்த பலன் அது. மற்ற முதலாளிகள் எல்லாரும் அதைக் கவனித்தார்கள், உங்கள் மகனைப் போன்ற பையன்களுக்குக் கதவு அகலமாகத் திறந்தது அப்போதுதான்.

அந்த வருடம் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பீனுக்கு ஐந்து வருடத்துக்கு 12.5 மில்லியன் டாலர் தருவதாகச் சொன்னது, ஒப்புக்கொண்டு பிறகு மனம் மாறி ஓக்லாந்திலேயே இருந்துவிட்டார். அந்த இடத்துக்கு வந்த தியோ எப்ஸ்டைனுக்கு வயது 28. மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். யேலில் படிக்கும்போது பால்டிமோர் அணிக்குக் கடிதம் போட்டு கோடை இன்டர்னாகச் சேர்ந்தார், அதுவும் மக்கள் தொடர்புப் பிரிவில். அப்புறம் சான் டியேகோ அணி, அங்கே வேலை பார்த்துக்கொண்டே சட்டப் படிப்பு. 2004ல் பாஸ்டன் 86 வருடத்துக்குப் பிறகு கோப்பை வென்றது, அது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜூலை 31 அன்று, ஊரே கொண்டாடிய நோமார் கார்சியபாராவை அவர் வேறு அணிக்குக் கொடுத்ததை மகனிடம் நினைவுபடுத்துங்கள். 30 வயதே ஆன ஒருவர், ஒரு நகரத்தின் செல்லப் பிள்ளையை அனுப்பிவிட்டு, அன்று இரவு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

நம்மைப் போன்ற குடும்பம் என்று எழுதியிருந்தீர்கள், அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஃபர்ஹான் ஜைதி என்ற பெயரை மகன் கட்டாயம் கேட்டிருப்பான். பாகிஸ்தானிய வம்சாவளி, கனடாவில் பிறந்து பிலிப்பைன்ஸின் மணிலாவில் வளர்ந்தவர், எம்ஐடியில் பொருளாதாரம், பெர்க்லியில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஓக்லாந்து அணியின் வேலை அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பம் போட்டார். 2014ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸின் ஜெனரல் மேனேஜர். 2018ல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் பேஸ்பால் பிரிவுத் தலைவர். 2021ல் அந்த அணி 107 ஆட்டம் வென்றது, அதன் வரலாற்றிலேயே அதிகம். பெயரும் நிறமும் தடையாக இருந்த காலம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் முன்னால் ஒருவர் நடந்த பாதை இருக்கிறது.

கிம் இங் பற்றியும் சொல்ல வேண்டும், இவரைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் கொஞ்சம் மாறும். சீன வம்சாவளிப் பெண், சிகாகோ பல்கலைக்கழகத்தில் சாஃப்ட்பால் ஆடியவர், படிப்பு முடித்ததும் வொயிட் சாக்ஸ் அணியில் இன்டர்ன். 1998ல், 29 வயதில், யாங்கீஸின் உதவி ஜெனரல் மேனேஜர், அங்கே தொடர்ந்து மூன்று கோப்பை. 2005ல் டாட்ஜர்ஸ் அவரை ஜெனரல் மேனேஜர் பதவிக்கு நேர்முகம் பார்த்தது, கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ அணி கூப்பிட்டது, பேசியது, வேறு ஒருவரை எடுத்தது. 2020 நவம்பரில்தான் மயாமி மார்லின்ஸ் அவரை நியமித்தது, வட அமெரிக்காவின் பெரிய ஆண்கள் லீக்குகளில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். முதல் நேர்முகத்திலிருந்து 15 வருடம். 2023ல் அவர் அணி பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளுக்கு, போனது. அந்தச் சீசன் முடிந்ததும் முதலாளி அவருக்கு மேலே இன்னொருவரை உட்கார வைக்க நினைத்தார், அவர் வெளியேறிவிட்டார்.

மேலே இன்னொருவர் என்றேன் இல்லையா, இப்போது பல அணிகளில் ‘பிரசிடென்ட் ஆஃப் பேஸ்பால் ஆபரேஷன்ஸ்’ என்று ஒரு பதவி வைத்து, ஜெனரல் மேனேஜரை இரண்டாம் இடத்தில் வைத்திருக்கிறார்கள். மகன் கனவு காண்பது எந்தப் பதவி என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெயரும் அதிகாரமும் இரண்டு இடத்தில் இருக்கலாம்.

இப்போது, இந்த வேலையில் எவ்வளவு நாள் நிலைக்க முடியும் என்பது. உங்கள் கணவருக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள், அவர் கவலை நியாயமானது. டேவ் டோம்ப்ராவ்ஸ்கி 2018 அக்டோபரில் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார், 2019 செப்டம்பரில் அவரை நீக்கினார்கள், ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் ஜேம்ஸ் கிளிக் 2022 நவம்பரில் கோப்பை வென்றார், ஒரு வாரத்துக்குள் வெளியே. டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் ஜான் டேனியல்ஸ், 28 வயதிலேயே ஜெனரல் மேனேஜர் ஆனவர், கிட்டத்தட்ட 17 வருடம் இருந்தார், 2022ல் நீக்கப்பட்டார், அடுத்த வருடமே அந்த அணி முதல்முறையாகக் கோப்பை வென்றது. 107 ஆட்டம் வென்ற ஜைதிக்கும் 2024 செப்டம்பரில் அதே கதிதான். இன்னொரு பக்கம் பிரையன் காஷ்மன் இருக்கிறார், 1986ல் யாங்கீஸில் இன்டர்னாகச் சேர்ந்தவர், 1998ல் ஜெனரல் மேனேஜர் ஆகி இத்தனை வருடம் அதே நாற்காலியில். ஆனால் அவரை நம்பி யாரும் கணக்குப் போடக் கூடாது.

எண்களில் கெட்டிக்காரப் பையன் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜெஃப் லுனோவும் பெரிய கெட்டிக்காரர், மெக்கின்சி என்ற நிர்வாக ஆலோசனை நிறுவனத்தில் இருந்து வந்தவர், 2013ல் 111 ஆட்டம் தோற்ற ஹியூஸ்டனை 2017ல் கோப்பை வாங்க வைத்தார். எந்தப் பந்து வீச வேண்டும் என்று எதிரணி கேட்சர் காட்டும் சைகைகளை அணி கேமரா வைத்துத் திருடியது வெளியே வந்ததும் 2020 ஜனவரியில் லீக் அவரை ஒரு வருடம் தடை செய்தது, அணி அன்றே வேலையை விட்டு நீக்கியது. அதே அணியின் தரவுத்தளத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் ஸ்கவுட்டிங் இயக்குநருக்கு 2016ல் 46 மாதச் சிறை. இவர்கள் யாரும் ஏழ்மையால் தப்புச் செய்தவர்கள் கிடையாது. எல்லோரும் புத்திசாலிகள் நிறைந்த ஒரு அறையில், தினமும் ஜெயிக்க வேண்டும் என்ற நெருக்கடியில், எல்லைக்கோடு மெதுவாக நகர்ந்துபோகும். உங்கள் வளர்ப்பு அவனுக்கு உதவப்போவது அங்கேதான்.

நான் அந்த வேலையை விட்டு வந்ததற்குக் காரணம் சம்பளமோ நேரமோ இல்லை, மார்ச் மாதக் கடைசி வாரம். ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் வசந்தகாலப் பயிற்சி முகாம் நடக்கும். முடியும் நேரத்தில் மைனர் லீக் பையன்களில் சிலரை விடுவிக்க வேண்டும், பட்டியலில் இடம் இல்லை. காலையில் அவர்கள் சீருடை மாற்ற வருவதற்கு முன்பே ஒருவர் வாசலில் நின்று, தம்பி, ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்பார். கூப்பிட்டது எதற்கு என்று அந்தப் பையனுக்கு அப்போதே தெரிந்துவிடும். உள்ளே ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்கான காகிதங்களைத் தயார் செய்தவர்களில் நானும் ஒருவன். ஒரு வருடம், ஆங்கிலம் சரியாகப் பேச வராத ஒரு வெனிசுவேலாப் பையன், 20 வயது இருக்கும், எல்லாம் கேட்டுவிட்டு, இன்றைக்குப் பயிற்சிக்கு வரலாமா என்று மட்டும் ஸ்பானிஷில் கேட்டான். மொழிபெயர்த்தவர் அதைச் சொல்லி முடித்ததும் அறையில் யாரும் பேசவில்லை. எங்கள் எண்கள் சரியாகத்தான் இருந்தன, அவனை வைத்துக்கொள்ளக் காரணம் எதுவும் இருக்கவில்லை, இன்று கேட்டாலும் அதே முடிவைத்தான் சொல்வேன். அதைச் சொல்லிக்கொண்டே இருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். முடிகிறவர்கள் இருக்கிறார்கள், கல் மனசுக்காரர்கள் என்று நினைக்காதீர்கள், என் பழைய மேலதிகாரி ஒவ்வொரு பையனுக்கும் அடுத்து எங்கே முயற்சி செய்யலாம் என்று தானே நாலு இடத்துக்குப் போன் போடுவார்.

இன்னொரு அறையும் உண்டு, ஆர்பிட்ரேஷன். பொதுவாக மூன்று சர்வீஸ் வருடம் முடித்த வீரருக்குச் சம்பளத்தில் ஒத்துப்போகவில்லை என்றால் அணி ஒரு தொகை சொல்லும், வீரர் ஒரு தொகை சொல்வார், நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், நடுவில் முறிக்க முடியாது. அதனால் அணி சார்பில் பேசுகிறவர், வீரர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது, அவர் ஏன் அவ்வளவு பெறமாட்டார் என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். 2023ல் மில்வாக்கியின் கார்பின் பர்ன்ஸ் 10.75 மில்லியன் கேட்டார், அணி 10.01 என்றது, அணி ஜெயித்தது. உள்ளே தன்னைப் பற்றிச் சொன்னது உறவைக் காயப்படுத்திவிட்டது என்று அவர் வெளிப்படையாகவே பேசினார், அடுத்த வருடம் அணி அவரைப் பால்டிமோருக்கு டிரேட் செய்துவிட்டது. முக்கால் மில்லியனுக்கும் குறைவான வித்தியாசத்துக்காக ஒரு முதல்தரப் பிட்சரின், அதாவது பந்து வீச்சாளரின், மனசைப் புண்படுத்துவது லாபமா என்று கேட்டால், என் கருத்தில் இல்லை. அப்படிப்பட்ட கோப்புகளில் நானும் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன்.

இதையெல்லாம் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை அக்கா. அந்த 11 வருடத்தை நான் வேறு எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். டபுள்-ஏயில் யாரும் கவனிக்காத ஒரு பிட்சரின் பந்து எவ்வளவு சுழல்கிறது என்ற எண்ணைப் பார்த்து, இவர் பந்தைப் பிடிக்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும் என்று நாங்கள் நாலு பேர் பயிற்சியாளரிடம் போய்ச் சொல்லி, அவர் நம்பாமல் முயன்று பார்த்து, இரண்டு வருடம் கழித்து அதே பிட்சர் மேஜர் லீக்கில் முதல் ஸ்ட்ரைக்அவுட் எடுத்த, மட்டை பிடித்தவரை அடிக்கவிடாமல் அவுட்டாக்கிய இரவு எங்கள் அறையில் எழுந்த சத்தம் இன்றும் காதில் இருக்கிறது.

சரி, நடைமுறைக்கு வருவோம். சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, இன்சூரன்ஸ் கம்பெனி தருவதில் பாதிகூட இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அணி எந்த ஊரோ அங்கே போக வேண்டும், பிப்ரவரியில் தொடங்கினால் அக்டோபர் வரை வார இறுதி என்று ஒன்று இருக்காது. இன்டர்ன், அனலிஸ்ட், பிரிவின் மேலாளர், இயக்குநர், உதவி ஜெனரல் மேனேஜர் என்று படி ஏறுவதற்குள் 10, 15 வருடம் ஓடிவிடும், 28 வயதில் ஆனவர்கள் செய்தியில் வந்ததே அது அபூர்வம் என்பதால்தான். அதனால் அவனிடம் கேட்க வேண்டியது இது: ஜெனரல் மேனேஜர் ஆகவே மாட்டாய் என்று இன்றே தெரிந்தாலும் அந்தப் பத்து வருட வேலையைச் செய்வாயா? யோசிக்காமல் ஆமாம் என்றால் அனுப்புங்கள். நேரம் எடுத்துக்கொண்டு ஆமாம் என்றாலும் அனுப்புங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இப்போதே வேண்டாம் என்று சொல்லவிடாதீர்கள். அவர்கள் கொடுத்திருக்கும் கெடு வரை அணிகளுக்கு விண்ணப்பம் போடட்டும், கையில் கடிதம் வந்தால் அங்கே போகட்டும், வரவில்லை என்றால் இந்தக் கோடை இன்சூரன்ஸ்தான். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட பிறகு மாறக் கூடாது, அது மரியாதை இல்லை. அங்கே கழிக்கும் நாளும் வீண் போகாது, ஒரு மனிதனுக்கு அடுத்த ஐந்து வருடத்தில் என்ன ஆகும் என்று நிகழ்தகவு போடுவதுதான் அங்கேயும் வேலை. படிப்பு முடிந்ததும் முழு சீசன் வேலைகளுக்கு மறுபடி போடலாம். ஆண்ட்ரூ ஃப்ரீட்மன் வால் ஸ்ட்ரீட்டில் பேர் ஸ்டேர்ன்ஸ் என்ற முதலீட்டு வங்கியில் வேலை பார்த்துவிட்டுத்தான் டாம்பா பேக்குப் போனார், 2007ல் 96 ஆட்டம் தோற்ற அந்த அணியை அடுத்த வருடமே கோப்பைக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குக் கொண்டுபோனார், இப்போது டாட்ஜர்ஸில் இருக்கிறார். வேறு வழியாகச் சுற்றி வருவது இங்கே குறையாகப் பார்க்கப்படுவதில்லை.

விண்ணப்பத்தில் பேஸ்பால் மேல் எவ்வளவு பிரியம் என்று எழுத வேண்டாம், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். மேஜர் லீக்கின் எல்லா மைதானங்களிலும் 2015 முதல் ஸ்டேட்காஸ்ட் என்ற கண்காணிப்பு அமைப்பு ஒவ்வொரு பந்தையும் அளக்கிறது, பேஸ்பால் சவான்ட் தளத்தில் அந்தத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதை எடுத்து ஒரே ஒரு கேள்விக்கு, சின்னக் கேள்விக்கு, இரண்டு பக்கத்தில் பதில் எழுதட்டும். உதாரணத்துக்கு, சென்ற சீசனில் விடுவிக்கப்பட்ட பிட்சர்களில் யாரை அவன் கூப்பிட்டிருப்பான், ஏன். எண் தெரியாத ஒரு பழைய ஸ்கவுட் படித்தாலும் புரிய வேண்டும். இன்டர்ன் விண்ணப்பங்களை நான் படித்த வருடங்களில், அப்படி இரண்டு பக்கம் எழுதத் தெரிந்தவர்கள் கையளவுதான் இருந்தார்கள். எஸ்க்யூஎல், பைத்தான் எல்லாம் அவனுக்கு வரும், அதைப் பற்றிக் கவலை இல்லை. ஸ்பானிஷ் படிக்கச் சொல்லுங்கள், இன்றே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மைனர் லீக் பையன்களில் எத்தனையோ பேர் வீட்டைவிட்டு வந்த ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள். அன்று அந்த வெனிசுவேலாப் பையனிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேச எனக்குத் தெரியவில்லை.

ஐந்து வருடம் கொடுங்கள் என்று அவன் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். 26, 27 வயதில் பிடிக்கவில்லை என்று வெளியே வந்தால், தரவு, ஒப்பந்தம், நெருக்கடியில் முடிவெடுப்பது எல்லாம் பழகிய ஒருவனாக வருவான், வேலை கிடைக்காமல் போகாது, எனக்குக் கிடைத்தது.

கடைசியாக ஒன்று. பிரிட்ஜ்வாட்டரில் பாலாஜி கோயில் இருக்கிறதே, நீங்களும் போயிருப்பீர்கள், அதே ஊரில்தான் சோமர்செட் பேட்ரியாட்ஸ் ஆடுகிறது, அது யாங்கீஸின் டபுள்-ஏ அணி. ஏப்ரலில் சீசன் தொடங்கும். ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, மூன்று பேருமாக அப்படியே ஆட்டத்துக்குப் போங்கள், டிக்கெட் விலை யாங்கீஸ் மைதானம் மாதிரி இருக்காது. மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஸ்கவுட் ஒருவர் மடியில் நோட்டும் கையில் ரேடார் கருவியுமாக, கை தட்டாமல், ஒவ்வொரு பந்துக்கும் ஏதோ எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. அவர் என்ன எழுதுகிறார் என்று மகனிடம் கேளுங்கள், அவன் சொல்வதை அவன் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.